பட்டணத்து மராமத்து: நகரப் பொதுப்பணி இலாகாவின் கடமைகள்

ஏரியுள்ள கிராமத்தில் வசிப்பவர் எவருக்கும் மராமத்து என்னும் சொல்லின் பொருளைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் எடுத்து வயலில் சேர்ப்பதும், கரையில் முளைத்த செடிகளை வேரோடு களைவதும், மதகு சரியாக மூடித் திறக்கிறதா என்று பார்ப்பதும், கலங்கலில் பெயர்ந்த கல்லை மீண்டும் பதிப்பதும், வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதும் ஆயக்கட்டுதாரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த குடிமராமத்து ஆகும். வழக்கப்படி ஆள் அனுப்பத் தவறியவர்களைப் பொறுப்பாக்குவதற்குச் சென்னை ராஜதானியில் 1858-ம் வருஷத்திலேயே ஒரு சட்டம் ஏற்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்ததேயன்றி ஏரிக்கரை வரையில் வந்தது அபூர்வமே. மராமத்து நடந்த ஊர்களில் அது ஊராரின் கட்டுப்பாட்டினால் நடந்தது.

நகரத்தின் மராமத்தும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். வேற்றுமை ஒன்று உண்டு. ஏரிக்கரையில் ஈரம் கசிந்தால் மாடு மேய்க்கும் சிறுவன்கூடக் கண்டு வந்து சொல்லிவிடுவான். நகரத்திலோ வேலையின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. குடிநீர்க் குழாயும், கழிவுநீர்க் குழாயும், மழைநீர் வடிகாலும் தெருவின் கீழே அருகருகாகச் செல்ல, மேலே நடப்பவர்களுக்கு அவற்றின் நினைவே இராது. ஆகையால், ஒருவர் கண்ணிலும் படாதவற்றைக் கவனித்துக்கொண்டிருப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருப்பது நகரத்திற்கு இன்றியமையாததாகிறது. அவர்களுடைய கடமைகள் எவை, அவை தவறினால் என்ன நேர்கிறது என்பனவற்றைச் சென்னை நகரத்தை உதாரணமாகக் கொண்டு ஆராய்வது கிராமச் சங்க அங்கத்தினர்களுக்கு வீண் வேலை ஆகாது. சென்னைவாசிகள் பருகும் ஜலத்தில் கணிசமான பங்கு திருவள்ளூர், காஞ்சீபுரம் ஜில்லாக்களின் நிலத்தில் பெய்து, அங்குள்ள ஏரிகளில் தேங்கிச் செல்வது என்பதே போதிய காரணம்.

சென்னை நகரசபை 1688-ம் வருஷத்தில் ஏற்பட்டது. இந்தியாவில் அதனினும் பழைய நகரசபை வேறில்லை. எனினும், நகரத்து ஜனங்களுக்குக் குழாய் ஜலம் வருவதற்கு அதன் பின்னும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1772-ல் ஏழு கிணறு என்னும் இடத்திலிருந்து ஜலம் இறைத்துச் செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் அது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே உரியதாயிருந்தது. மற்றவர்கள் வீட்டுக் கிணற்றையும் கோயிற்குளத்தையும் நம்பியிருந்தனர். மக்கள் நெருங்க நெருங்கக் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே தூரம் குறைந்துகொண்டே வந்தது. 1871-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் நகரத்தின் ஜனத்தொகை 3,97,552 ஆக இருந்தது.

அடுத்த வருஷம், அதாவது 1872-ல், பொதுப்பணி இலாகா என்ஜினீயர் பிரேசர் என்பவர் வகுத்த திட்டம் நிறைவேறியது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு அமைத்து, ஆற்று ஜலத்தைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றத்து ஏரிக்குக் கொண்டுவந்து, அப்பால் திறந்த கால்வாய் ஒன்றின் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரையில் சரிவின் பலத்தினாலேயே ஓடவிட்டார்கள். கீழ்ப்பாக்கத்திலிருந்து இரும்புக் குழாய்கள் அதைத் தெருக்களுக்குக் கொண்டு சென்றன. ஆற்றை ஏரிக்குத் திருப்பும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று. புதியது எதுவெனில், வயலுக்குச் சென்ற ஜலம் இப்போது வீட்டுக்குச் சென்றது. வயலுக்குக் கலங்கல் ஜலம் நல்லது, வண்டல் உரமாகும். வீட்டுக்கு அது நோயைக் கொண்டுவரும். திறந்த கால்வாயின் குணமும் குற்றமும் கிராமவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல. அத்தகைய கால்வாயில் வந்த ஜலம் வடிகட்டப்படாமலேயே 42 வருஷங்கள் நகரத்தாருக்கு வழங்கப்பட்டது.

1914-ம் வருஷத்தில்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வேலை செய்யத் தொடங்கின. அவற்றைத் திட்டமிட்டவர் ஜே. டபிள்யூ. மேட்லி என்னும் என்ஜினீயர். மாம்பலத்தில் அவர் பெயரால் ஒரு சாலை உண்டு. அச்சாலையில் செல்லும் அநேகருக்கு அவர் யாரென்பது தெரியாது.

இவ்வடிகட்டி வேலை செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் மராமத்து என்பதன் சாரம் முழுவதும் அதில் அடங்கியுள்ளது. அகன்ற தொட்டி ஒன்றின் அடியில் கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் முழ ஆழத்துக்கும் அதிகமாக மெல்லிய மணலை நிரப்புகிறார்கள். ஜலம் மேலே நின்று, மணலினூடே மெதுவாக, ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் அளவுக்கும் குறைவாகவே கீழே இறங்குகிறது. முதல் சில தினங்களில் இதனால் பிரயோஜனம் அதிகமில்லை. நாளாக ஆக, மணலின் மேற்புறத்தில் வழவழப்பான மெல்லிய பாசி போன்ற ஏடு ஒன்று படிகிறது. பார்ப்பதற்கு அருவருப்பான இந்த ஏடுதான் நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்துகிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் தீய கிருமிகளை உண்டு தீர்க்கின்றன. ஆனால் ஏடு தடித்துக்கொண்டே போனால் ஜலம் இறங்காமல் நின்றுவிடும். அப்போது தொட்டியை வற்றவைத்து, மேல் மணலை விரற்கடை அளவு சுரண்டியெடுத்துக் கழுவி உலர்த்தவேண்டும். மறுபடியும் ஜலம் விட்டால், புதிய ஏடு படியும்வரையில் அதைக் குடிநீராக வழங்கலாகாது. இவ்வாறு ஒன்று மாற்றி ஒன்றாகத் தொட்டிகளைச் சுரண்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு வருஷம் சுரண்டாமல் விட்டால் தொட்டி பயனற்றதாகிவிடும். அவசரப்பட்டு அளவுக்கு மேல் ஜலத்தைப் புகுத்தினாலோ, தொட்டி வேலை செய்வதுபோலவே தோன்றும், கிருமிகள் மட்டும் தெருக் குழாய் வரையில் போய்ச் சேரும்.

கட்டிடம் கட்டுவது ஒரு தடவை செய்யும் வேலை. சுரண்டுவது என்றும் செய்யும் வேலை. முன்னதற்கு அடிக்கல் நாட்டு விழாவும் பெயர் பொறித்த கல்லும் உண்டு. பின்னதற்கு இரண்டும் இல்லை. வரவு செலவுத் திட்டத்தில் பணம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் பின்னதுதான்.

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் இதை எளிதில் உணர்வார்கள். சங்கம் ஒரு நெல் அரைவை இயந்திரம் வாங்கினால், அதன் விலையைச் செலுத்தியதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. வருஷந்தோறும் தேய்மானத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கவேண்டும் என்பது விதி. ஒதுக்காத வருஷத்தில் லாபம் அதிகமாகத் தோன்றும், அங்கத்தினர்களும் மகிழ்வார்கள். இயந்திரம் நின்ற அன்று அந்த லாபம் பொய்யென்று தெரியும். பூமிக்கடியில் கிடக்கும் குழாயும் ஓர் இயந்திரமே. இரும்பு துருப்பிடிக்கிறது, இணைப்பு நெகிழ்கிறது, கசிவு உண்டாகிறது. கசியும் குழாயில் ஜலத்தின் அழுத்தம் இருக்கும்வரை ஜலம் வெளியே போகும், அவ்வளவே. சில மணி நேரம் மட்டும் ஜலம் விட்டு நிறுத்தும் நகரங்களில், அழுத்தம் நீங்கியதும் சுற்றிலுமுள்ள சாக்கடை நீர் அதே துவாரத்தின் வழியாக உள்ளே புகும். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவும்போது மருத்துவர்களோடு குழாய் மேஸ்திரியையும் அழைப்பது இதனால்தான்.

பொதுப்பணிக்காரரின் மற்றொரு கடமை, இனி வரப்போகிறவர்களை எண்ணி அளவிடுவது. சென்னையின் பாதாளச் சாக்கடை 1910-ம் வருஷத்தையொட்டித் திட்டமிடப்பட்டபோது, ஐம்பது வருஷம் முன்னோக்கி, 1961-ல் நகரத்தில் 6,60,000 பேர் இருப்பார்கள் என்றும், ஆளொன்றுக்கு நாள்தோறும் 25 காலன் வீதம் கழிவுநீர் வரும் என்றும் கணக்கிட்டார்கள். ஐம்பது வருஷம் முன்னோக்கியது பாராட்டத்தக்கது. ஆனால் 1961-ல் எடுத்த கணக்கில் நகரத்து ஜனங்கள் 17 லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். நகரத்தின் எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். கணித்தவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. கணக்குத் தவறிவிட்டதென்று நடுவழியிலேயே தெரிந்திருந்தும், குழாய்களைப் பெருக்கும் வேலை ஜனப்பெருக்கத்துக்குப் பின்தங்கியே நடந்தது என்பதுதான் குறை.

சென்னை கடற்கரையை ஒட்டிய சமதரை. சாக்கடையில் நீர் ஓடவேண்டுமானால் குழாய்க்குச் சரிவு வேண்டும்; ஓட்டம் வினாடிக்கு இரண்டு, இரண்டரை அடி வேகமாவது இருந்தால்தான் மண்ணும் கசடும் அடியில் தங்காமல் அடித்துச் செல்லப்படும். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழத்தில் இறங்கிவிடும். ஆகவே இடையிடையே பம்பு நிலையங்கள் அமைத்துக் கழிவுநீரை மேலே ஏற்றி, மறுபடியும் சரிவில் விடவேண்டும். ஒரு பம்பு நின்றால் அதற்கு முன்னுள்ள தெருக்களில் மூடிகளின் வழியாகச் சாக்கடை பொங்கும். ஓட்டம் குறைந்து கசடு தேங்கிய குழாயில் அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு உண்டாகிறது. அது குழாயின் மேற்புறக் காரையை அரித்துவிடும். உள்ளே இறங்கும் மனிதனைச் சில நிமிஷங்களில் கொன்றுவிடும். வாயு மிகுந்த இடத்தில் நாற்றம்கூடத் தெரியாது, மூக்கு முதலிலேயே மரத்துவிடுகிறது.

இவ்விஷயத்தில் நகரங்கள் நீண்டகாலம் வெட்கப்படத்தக்க வகையில் நடந்துகொண்டன. அடைப்பை நீக்குவதற்கு ஏழைத் தொழிலாளரை, அதிலும் குறிப்பிட்ட ஜாதியினரையே, வெறும் உடம்போடு குழிக்குள் இறக்கினார்கள். கையால் மலம் அள்ளும் வேலையை 1993-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. 2013-ம் வருஷத்துச் சட்டம், பாதுகாப்புச் சாதனங்களின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் உத்தரவிட்டது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அவ்வளவுக்குப் பின்னும் மரணங்கள் நின்றுவிடவில்லை. கண்டிராக்டர் அழைத்துவந்த ஆள், தனியார் வீட்டுத் தொட்டி என்று பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு வழிகள் பல இருக்கின்றன. கிராமத்திலிருந்து பிழைப்புக்காகப் பட்டணம் செல்லும் வாலிபர்களுக்கு இச்சட்டங்களின் சாரத்தைச் சங்கத்தார் சொல்லியனுப்புவது நலம். எவர் சொன்னாலும், எவ்வளவு கூலி கொடுத்தாலும், அக்குழிக்குள் இறங்கவேண்டியதில்லை. இறங்கச் சொல்லுகிறவரே குற்றவாளி.

கழிவுநீர் வேறு, மழைநீர் வேறு. சென்னையில் இவ்விரண்டுக்கும் தனித்தனி வழி அமைத்திருக்கிறார்கள். மழைநீர் வடிகால் தெருவோரமாகச் சென்று கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ சேரவேண்டியது. சாக்கடை இணைப்புப் பெறாதவர்களும், பணம் மிச்சப்படுத்த விரும்பியவர்களும் கழிவுநீரை இரகசியமாக மழைநீர் வடிகாலில் விட்டுவிடுகிறார்கள். ஆற்றுக்கு அதனால் வந்த கதியைக் கூவத்தின் பாலத்தைக் கடந்தவர்கள் அறிவார்கள். வடகிழக்குப் பருவமழையில் நகரத்தின் வருஷ மழையின் பெரும்பகுதி மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் வடிகால்களைத் தூர் வாரியாகவேண்டும். வாரியெடுத்த சேற்றை அன்றே அப்புறப்படுத்தாமல் வடிகாலின் ஓரத்திலேயே குவித்து வைத்தால், முதல் மழையில் அது மீண்டும் உள்ளே போகும். கிராமத்துக் கால்வாயிலும் இதே தவறு நடப்பதுண்டு.

சாலையைப்பற்றி இரண்டொரு வார்த்தை போதும். சாலைக்குச் சத்துரு வண்டியன்று, தேங்கும் ஜலமே. நடுவில் சற்று உயர்ந்து இருபுறமும் சாய்ந்து, ஓரத்து வடிகால் அடைப்பின்றி இருந்தால் சாலை நெடுங்காலம் நிற்கும். பழைய சாலையின்மேலேயே தார்க் கலவையைத் திரும்பத் திரும்பப் போட்டு வந்தபடியால், நகரத்தில் பல வீதிகள் உயர்ந்து வீட்டு வாசற்படிகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டியெடுத்த பின்பே புதியது போடவேண்டும் என்ற விதி இதற்காகவே ஏற்பட்டது.

இவ்வளவு வேலைகளையும் ஒரே இலாகா செய்வதாக எண்ணிவிடக்கூடாது. குடிநீரும் கழிவுநீரும் முன்பு நகரசபையின் வசம் இருந்து, 1978-ல் அதற்கென ஏற்பட்ட குடிநீர் வாரியத்துக்கு மாறின. தெரு, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் ஆகியவை மாநகராட்சியிடம் உள்ளன. ஏரிகளும் ஆறுகளும் பொதுப்பணி இலாகாவிலிருந்து 2021-ல் தனியே பிரிந்த நீர்வள இலாகாவைச் சேர்ந்தவை. பெருஞ்சாலைகள் சில நெடுஞ்சாலை இலாகாவைச் சேர்ந்தவை. ஒரு தெருவில் குழாய் உடைந்தால், தோண்டுகிறவர் ஒருவர், குழியை மூடித் தார் போடவேண்டியவர் மற்றொருவர். தோண்டுவதற்கு அனுமதியும் சாலையைச் செப்பனிடக் கட்டணமும் உண்டு. அப்படியிருந்தும் குழி மாதக்கணக்கில் வாய் திறந்து கிடப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். கிராமத்தில் வரத்துக் கால்வாய் இரண்டு ஊர்களின் எல்லையில் செல்லும் இடத்தில்தான் தூர் அதிகமாக இருக்கும். காரணம் இரண்டிடத்திலும் ஒன்றே.

ஜலத்துக்காக நகரம் மேலும் மேலும் தூரம் போகவேண்டியதாயிற்று. நகரசபையின் மேயராக இருந்த சத்தியமூர்த்தி அவர்களின் முயற்சியால் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கம் தொடங்கப்பட்டது. 1944-ல் அது முடிவதற்கு முந்திய வருஷமே அவர் காலமானார். கிருஷ்ணா நதி ஜலத்துக்காக ஆந்திரத்தோடு 1983-ல் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1996-ல் முதல் ஜலம் வந்தது. ஆனால் வெட்டிய கால்வாயின் கரை சரிந்தும் கசிந்தும் போனமையால், வந்த ஜலம் சொற்பமே. ஓர் அறக்கட்டளையின் செலவில் கால்வாய்க்கு நன்றாகக் காரை பூசிச் செப்பனிட்ட பின்பு, 2004 முதற்கொண்டே அது ஓரளவு ஒழுங்காக ஓடலாயிற்று. கால்வாய் அதே கால்வாய்தான்.

ஏரியைக் காப்பவருக்கு இரண்டு அச்சங்கள் உண்டு, நிரம்பாமற்போவதும் நிரம்பி வழிவதும். 2015 டிசம்பர் 1-ந் தேதி பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி ஜலம் திறந்துவிடப்பட்டது. ஏரிக்குக் கீழுள்ள நிலங்களிலிருந்து வந்த வெள்ளமும் அதனோடு கூடி அடையாற்றின் இரு கரைகளிலும் புகுந்தது, பலர் மாண்டனர். முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. நிரம்பிய ஏரியை வெறுமையாக்கிவிட்டுப் பின்பு மழை பொய்த்தால் யார் பொறுப்பு என்பது மறு கட்சி. கணக்குத் தணிக்கை அதிகாரி 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட அறிக்கையில் நிர்வாகத்தையே குறை கூறினார். மதகுச் சாவி ஒருவர் கையில் இருக்க, திறக்கும் உத்தரவு மேலே பல படிகள் ஏறி இறங்கவேண்டியிருந்தால், ஜலம் அதுவரை காத்திராது என்பதை எந்த ஊர் மடையனும் அறிவான்.

நாலாவது வருஷமே மறு அச்சம் நேர்ந்தது. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வறண்டன. அவை நான்கும் சேர்ந்து சுமார் 1,100 கோடி கனஅடி ஜலம் கொள்ளக்கூடியவை. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் ஜலத்தை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சென்னை வந்து சேர்ந்தது. அதற்கு மாலையிட்டு வரவேற்றார்கள்.

இத்தகைய காலங்களில் நகரத்தின் கை கிராமத்துக் கிணறுவரை நீளுகிறது. இதுதான் அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு பாயும் பிரதேசங்களில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்கிணறுகள் தோண்டி நகரத்துக்கு ஜலம் எடுத்தார்கள். பஞ்ச வருஷங்களில் விவசாயிகளின் சொந்தக் கிணறுகளிலிருந்தும் வாரியம் விலைக்கு ஜலம் வாங்கியது. பயிரிடுவதைவிட ஜலத்தை விற்பதில் வரும்படி அதிகமென்று கண்ட மிராசுதார்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். அந்நிலத்தில் நடவும் அறுவடையும் செய்துவந்த கூலிக்காரருக்கு விற்ற ஜலத்தில் பங்கு ஏதும் கிடைக்கவில்லை. கடலோரத்தில் நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால், அந்த இடத்தை நிரப்பக் கடல்நீர் பூமிக்கடியில் உள்ளே வரும். மீஞ்சூர்ப் பக்கத்தில் அவ்வாறு பல கிலோமீட்டர் தூரம் வந்துவிட்டது. ஒருமுறை உப்பேறிய கிணறு மறுபடி இனிப்பதற்கு ஒரு தலைமுறை போதாது. பின்னர் அதே மீஞ்சூருக்கு அருகில், காட்டுப்பள்ளியில், கடல்நீரை நன்னீராக்கும் ஆலையொன்றை 2010-ல் திறந்தார்கள். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் அளவு. பூமிக்கடியில் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததை மின்சாரம் செலவழித்துப் பெறவேண்டியதாயிற்று.

சென்னையைச் சுற்றிக் குறிக்கப்பட்ட கிராமங்களில் நிலத்தடி ஜலத்தை எடுத்து லாரியில் கொண்டுபோவதற்கு உரிமம் வேண்டும் என்று 1987-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. தங்கள் கிராமம் அப்பட்டியலில் உள்ளதா என்பதை அங்கத்தினர்கள் தாலூகா ஆபீஸில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். கிணற்றைப் பற்றிப் புகார் செய்யும்போது, முன்பு ஜலம் எவ்வளவு இருந்தது என்று அதிகாரி கேட்டால், "நிறைய இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமலே பெரும்பாலோர் திரும்புகிறார்கள். ஆகையால் சங்கத்தில் ஒரு ரிஜிஸ்தர் வைத்து, ஊரில் நாலைந்து கிணறுகளைத் தேர்ந்து, மாதந்தோறும் ஒரே தேதியில், காலையில் இறைப்பதற்கு முன், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து ஜலமட்டம் எத்தனை அடி என்று எழுதிவரவேண்டும். கடலோர ஊர்களில் ஜலத்தின் ருசியையும் பக்கத்தில் குறிக்கவேண்டும். அளந்தவர் கையெழுத்தும், உடனிருந்த ஓர் அங்கத்தினர் கையெழுத்தும் அவசியம்.